எருமை சொன்னபடி எழுதியது

டப்ளினில் பொறுப்பேற்கப்போகிறவரின் பெயர் ராய் குருவிளா என்று மின்னஞ்சல் வந்தபோது, காக்கநாட்டுக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் கேன்டீனில் பழம்பொரி தின்றுகொண்டிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"குருவிளான்னா நம்மாளுல்ல?" என்றாள் ஷமீமா. அவள் டெஸ்டிங் பார்ப்பவள். எதிலும் ஓர் ஓட்டை இருக்கும் என்று நம்புவது அவளுக்குச் சம்பளத்தோடு வந்த குணம்.

"பேரு மட்டும்தான் அப்படி இருக்கும்," என்றான் ஜின்டோ. "அங்கேயே பொறந்து வளந்திருப்பான். மலையாளம்னா அப்பாவும் அம்மாவும் சண்டை போடுற பாஷைன்னு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

சுதீஷ் அதற்குள் போனில் அந்த மனிதரைக் கண்டுபிடித்துவிட்டான். "நம்ம பாலா ஊர்க்காரன்டா. சர்ச் பெருநாளுக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு செண்டை அடிக்கிறான். படத்துக்குக் கீழ எழுதியிருக்கறது சுத்த மலையாளம். போதாக்குறைக்குக் கவிதை."

ஜின்டோ கையிலிருந்ததைத் தட்டில் வைத்தான். கவிதை எழுதுகிறவன் எதையும் படிக்காமல் விடமாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அயர்லாந்தின் முதியோர் இல்லங்களில் எந்த நர்ஸுக்கு எந்த நாள் எந்த டூட்டி என்று பிரித்துக் கொடுக்கிற மென்பொருளை இவர்கள் பல வருடமாக எழுதி வந்தார்கள். இப்போது டப்ளின் கம்பெனி, "இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நிரலைக் கொடுத்துவிடுங்கள்; கூடவே அது தெரிந்த ஒருவரையும் ஒரு வருடத்துக்கு அனுப்புங்கள்" என்றது. அந்த ஒருவர் ஜின்டோ என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஏறக்குறைய என்றால், உதயபானு சார் கையெழுத்துப் போடவேண்டியது மட்டும் பாக்கி என்று அர்த்தம்.

ஜின்டோவின் மனைவி ஷைபி டப்ளினில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் ஐரினும் அவளோடுதான். மகளுக்கு அப்பா என்றால் போன் திரையில் வந்து 'சாப்பிட்டியா' என்று கேட்கிற ஒரு முகம். கணவன் என்ற தகுதியில் விசா வாங்கி அவன் எப்போதோ போயிருக்கலாம். அவனுடைய ஊரான கூத்தாட்டுகுளத்திலிருந்து அப்படிப் போன கணவர்கள் நிறையப் பேர். பெண்டாட்டி டூட்டிக்குப் போனபிறகு துணி மடிக்கிறவர்கள் என்று அவர்களைப் பற்றி சர்ச் வாசலில் நின்று அதிகம் சிரித்தவன் ஜின்டோதான். அந்தச் சிரிப்பை ஊரே கேட்டிருந்ததால், சொந்த வேலையோடு மட்டுமே அவனால் விமானம் ஏற முடியும் என்ற நிலைமை.

"இந்தத் தடவையும் நடக்கலைன்னா துணி மடிக்கவாவது வந்து சேரு," என்று ஷைபி சொல்லியிருந்தாள். "இங்க நிறைய இருக்கு."

சரி, ராய் குருவிளாவுக்கு மலையாளம் தெரிந்தால் என்ன?

நிரலுக்குள் கம்ப்யூட்டர் படிக்காத இடம் ஒன்று உண்டு. கமென்ட் என்று பெயர். ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு ஆரம்பித்து, ஒரு நட்சத்திரமும் சாய்கோடும் போட்டு முடித்தால், இடையில் என்ன எழுதினாலும் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொள்ளும். பின்னால் வருகிறவனுக்கு விளக்கம் சொல்வதற்காக ஏற்பட்ட இடம் அது. ஆனால் மேலதிகாரி படிக்காத இடம் என்று ஒன்று மனிதனுக்குக் கிடைத்தால் அங்கே அவன் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. மூன்று பேரும் இங்கிலீஷ் எழுத்தில் மலையாளத்தை எழுதி வைத்தார்கள். ஐரிஷ்காரன் பார்த்தால் ஏதோ தொழில்நுட்பச் சுருக்கெழுத்து என்று மரியாதையாக நகர்ந்துவிடுவான் என்பது கணக்கு. பூமியில் எங்கே போய் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு மலையாளி லுங்கியோடு வந்து திறப்பான் என்பதை மலையாளிகளே மறந்துபோன நேரம் அது.

அந்தக் கமென்ட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு பாத்திரத்தின் பெயர் எருமை. 'எருமை சொன்னது, எழுதினேன்.' 'இந்த வரி ஏன் என்று கேட்காதே, எருமைக்கும் தெரியாது.' 'எருமை ஹைதராபாத்துக்குச் சுத்தமான நிரல் பற்றிப் பேசப் போயிருக்கிறது. அது திரும்புவதற்குள் இதைச் சரியாக எழுதிவிடலாம்.'

எருமை என்பது உதயபானு சார்.

திருச்சூர்க்காரரான உதயபானு சார் அந்த அலுவலகத்தின் தலைமைச் சிற்பி. அவருடைய அட்டையில் அப்படித்தான் இருக்கும். நிரல் என்பது கவிதை என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வார். தானாக ஒரு வரி எழுதிப் பல காலம் ஆகியிருந்தது. அவர் சில சம்பிரதாயங்களை ஏற்படுத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் கம்பெனிப் பெயரும் 'சிற்பி: உதயபானு' என்ற கமென்ட்டும் இருக்கவேண்டும். ஒவ்வொரு கோப்பின் காலிலும் 'முற்றிற்று, நன்றி' என்ற கமென்ட் இருக்கவேண்டும். யார் எழுதினாலும் எல்லாம் அவருடைய பெயரில், அவருடைய பாஸ்வேர்டில்தான், நிரலைச் சேர்த்து வைக்கிற கம்ப்யூட்டர் கிடங்குக்குள் ஏறவேண்டும். "கப்பலுக்குக் கேப்டன் ஒருத்தன்தான் மோனே," என்பார். ஏற்றுவதற்கு முன்னால் எதிலும் ஓர் எழுத்தையாவது மாற்றுவார். மாற்றியபிறகு வேலை செய்யாவிட்டால் அது எழுதியவன் பிழை.

எருமைக் கமென்ட் வெளியே வந்தால் கையெழுத்து விழாது. ஜின்டோவுக்கு இதில் சந்தேகமில்லை.

முதலில் எருமையை மட்டும் பிடித்து வெளியேற்றலாம் என்றுதான் நினைத்தான். இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, ரெஜெக்ஸ் என்பார்கள். இன்ன சொல்லைத் தேடு என்பதோடு நிற்காமல், இன்ன மாதிரி இருக்கிற எதையும் தேடு, தேடிக் கிடைத்த இடத்திலெல்லாம் இதை வை என்று ஒரே வரியில் உத்தரவு போடலாம். வரியைப் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்தது போல இருக்கும். எழுதியவனுக்கு அன்றைக்கு மட்டும் புரியும்.

'எருமை' என்று தேடி, அந்த இடத்தில் 'மேலதிகாரி' என்று மாற்றச் சொன்னான். கருவி சொன்னபடி செய்தது. சுதீஷ் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்.

"'மேலதிகாரி இன்னிக்குக் காலைலயிருந்து அசை போட்டுக்கிட்டிருக்கார். மேலதிகாரிக்குத் தவிடு காட்டினாதான் லீவு கிடைக்கும். மேலதிகாரி வாலைச் சுழட்டிக்கிட்டு மீட்டிங் போயிட்டார்.'"

"நிறுத்துடா."

"முன்னாடி எருமையாவது இருந்துச்சு. இப்ப முகவரியே எழுதிட்டே."

மாற்றியதைத் திரும்ப மாற்றினான். எருமை இருக்கிற கமென்ட்டை முழுசாக நீக்கு என்று உத்தரவை வளர்த்தான். அப்போதுதான் மூன்று பேருடைய கற்பனை வளமும் தெரிய வந்தது. 'கொம்புள்ளவர்' என்று ஷமீமா எழுதியிருந்தாள். 'நாலுகால் சேட்டன்' சுதீஷுடையது. 'தொழுவத்திலிருந்து வந்த உத்தரவு' என்று ஒன்று. வெறும் 'ம்ம்மே' என்று ஒன்று. ஒவ்வொன்றையும் சேர்க்கச் சேர்க்க ரெஜெக்ஸ் திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"சேட்டா, கமென்ட்டே வேண்டாம்னு மொத்தமா எடுத்துட்டா?" என்றாள் ஷமீமா.

அதுதான் வழி என்று பட்டது. சாய்கோடு நட்சத்திரத்தில் ஆரம்பித்து நட்சத்திரம் சாய்கோட்டில் முடிகிற எதுவானாலும் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கு. கிடங்கிலிருந்து கடைசிப் பிரதியை மட்டும் மூட்டை கட்டிக் கொடுத்தால் போதும் என்றுதான் ஒப்பந்தம். பழைய பிரதிகள் கிடங்கோடு கிடங்காகக் காக்கநாட்டிலேயே இருந்துவிடும்.

உதயபானு சாரின் அறைக்குப் போய், "சார், கமென்ட்டெல்லாம் எடுத்துட்டுக் குடுத்தா நீட்டா இருக்கும்," என்றான் ஜின்டோ.

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார் உதயபானு சார். யார் எதைச் சொன்னாலும் அவர் அதைச் சொல்லவேண்டும் என்று இருந்தவராகவே இருப்பார். "நல்ல கோடிங்குக்கு விளக்கம் எதுக்கு? ரோஜாப்பூவுக்கு யாராவது லேபிள் ஒட்டுவாங்களா?"

"நர்சரில ஒட்டுவாங்க சார்," என்றான் வாசலில் நின்ற சுதீஷ்.

"சுதீஷ், நீ உன் சீட்டுக்குப் போ. ஜின்டோ, அந்த ரெஜெக்ஸைக் காட்டு. என் கம்ப்யூட்டர்ல நானே ஓட்டறேன். இந்த மாதிரி வேலை சிற்பி கையாலதான் நடக்கணும்."

ஜின்டோ தட்டிக் காட்டினான்: /\*.*?\*/

உதயபானு சார் நாற்காலியில் சாய்ந்து அதை ஓவியம் போலப் பார்த்தார். ஓர் எழுத்தை மாற்றியாகவேண்டும். எதை என்று தேடினார். கண் நடுவில் போய் நின்றது.

"இந்தக் கேள்விக்குறி எதுக்கு? கட்டளை போடுறப்போ என்ன கேள்வி?" என்று சொல்லி அதை அழித்தார். "பாரு, இப்ப எவ்வளவு கம்பீரமா இருக்கு."

அந்தக் கேள்விக்குறிதான் வரியின் மூளை. புள்ளி என்றால் எந்த எழுத்தானாலும் சரி என்று அர்த்தம்; நட்சத்திரம் என்றால் எத்தனை வேண்டுமானாலும். இரண்டும் சேர்ந்தால் ஓணச் சாப்பாட்டுக்கு வந்த பேராசைக்கார விருந்தாளி. முதல் பாயசத்தோடு எழுந்திரு என்று அவனிடம் சொல்வது அந்தக் கேள்விக்குறி. அது இல்லாவிட்டால் அடுத்த பந்தி, அதற்கடுத்த பந்தி, பாத்திரம் கழுவுகிற இடம் வரை போய்த்தான் நிற்பான்.

"சார், அது வேணும் சார். அது இல்லன்னா முதல் கமென்ட்லேருந்து கடைசிக் கமென்ட் வரைக்கும்…"

"ஜின்டோ, நான் ரெஜெக்ஸ் எழுதிட்டிருந்தப்போ நீ நிக்கர் போட்டுட்டு இருந்தே."

"நிக்கர் சரி சார். அந்தக் கேள்விக்குறி…"

"உன் அயர்லாந்து பேப்பர் இங்கதான் கிடக்கு," என்று உதயபானு சார் மேஜையின் ஓரத்தைத் தட்டினார். "பார்க்கலாம்னு வெச்சிருக்கேன்."

ஜின்டோ அதன்பிறகு பேசவில்லை. நிரலைவிட மகள் முக்கியம் என்று அவன் மனம் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. எப்படியும் ஷமீமாவின் டெஸ்ட்டுகள் இருக்கின்றன. தப்பு நடந்திருந்தால் திரை முழுக்கச் சிவப்பாகக் கத்தும். அப்போது யாரும் யாரையும் குறை சொல்லாமல் திருத்திக்கொள்ளலாம்.

உதயபானு சார் விசையை அழுத்தினார். வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'சிற்பி: உதயபானு' என்ற கமென்ட். காலிலும் 'முற்றிற்று, நன்றி' என்ற கமென்ட். தலையிலிருந்து கால்வரை நடுவில் இருந்த அத்தனையும் விருந்தாளியின் இலைக்குள் போய்விட்டது. டெஸ்ட்டுகளும் கோப்புகள்தான், அவற்றுக்கும் தலையும் காலும் உண்டு. ஷமீமா டெஸ்ட்டை ஓட்டியபோது கேட்க ஒரு கேள்வியும் மிச்சமில்லை. கேள்வியே இல்லாத பரீட்சையில் யாரும் தோற்கவில்லை.

"எல்லாம் ஓடிச்சா?" என்று கேட்டான் ஜின்டோ.

"பச்சை."

"பச்சைன்னா?"

"பச்சைன்னா பச்சைதான் சேட்டா. ஒண்ணும் ஃபெயில் ஆகல. நான் கோழிக்கோடு வண்டி பிடிக்கணும். தங்கச்சி நிக்காஹ்." எல்லாம் சரி என்கிற செய்தியை ஷமீமா நம்பியது அந்த ஒரே ஒரு தடவைதான். அதற்காக அவள் பிறகு யாரையும் மன்னித்ததில்லை.

ஜின்டோ ஒரு கோப்பையாவது திறந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் பார்த்ததைச் சொல்லவேண்டிவரும். பார்க்கவில்லை.

மூட்டை, மின்னஞ்சலிலேயே போகிற அளவுக்குச் சின்னதாக இருந்தது. உதயபானு சார் அதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பார்த்தீங்களா, கமென்ட்டை எடுத்ததும் எப்படி இளைச்சிடுச்சு! இத்தனை நாளா இந்தக் கொழுப்பையா சுமந்துட்டு இருந்தோம்?" அடுத்த மாநாட்டில் பேசுவதற்கு அவருக்கு ஒரு தலைப்புக் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை டப்ளினிலிருந்து ராய் குருவிளா வீடியோவில் வந்தார். தாடி வைத்த, நிதானமான மனிதர். கையில் பால் விடாத கட்டன்சாயா.

"நமஸ்காரம் சாரே. சுத்தம் பண்ணிக் குடுக்கறோம்னு எழுதியிருந்தீங்க."

"எங்க கொள்கை அது," என்றார் உதயபானு சார். "தேவையில்லாத ஒரு எழுத்து இருக்கக்கூடாது."

"ஒரு எழுத்துகூட இல்ல," என்று ராய் ஒப்புக்கொண்டார். "எல்லாக் கோப்பையும் திறந்து பார்த்துட்டேன். கோப்புக்குப் பேரு இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. நான் இதுவரைக்கும் எத்தனையோ கம்பெனி கோடிங்கை வாங்கியிருக்கேன். பிழையே இல்லாத கோடிங் இதுதான்."

ஜின்டோ தன் செருப்பைப் பார்த்தான். உதயபானு சார் நிறம் மாறவில்லை. நிறம் மாறாமல் பதவி உயர்ந்தவர் அவர்.

"அது… அனுப்பறப்போ ஏதோ நடந்திருக்கு. ஒண்ணு பண்ணுங்க. மூட்டையெல்லாம் எதுக்கு? எங்க கிடங்கையே உங்களுக்குத் திறந்து விட்டுடறோம். முதல் நாள்லேருந்து எல்லாப் பிரதியும் இருக்கு. வேணுங்கறதை எடுத்துக்கோங்க. நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?"

"சார்," என்றான் ஜின்டோ.

"திறந்து விடு ஜின்டோ."

திறந்து விட்டான். கிடங்கு என்பது எதையும் மறக்காத இடம். யார், என்றைக்கு, எந்த வரியை ஏற்றினார் என்று பெயரோடு வைத்திருக்கும். அழித்தாலும், அழித்தவர் பெயரையும் அழிபட்ட வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். பாலாக்காரர் ஒருவர் அதற்குள் இறங்கி உட்கார்ந்து எருமை எருமையாகப் படிக்கப்போகிறார்.

அன்றைக்கு ஷைபியிடம், "அனேகமா நடக்காது," என்றான் ஜின்டோ.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒரு கேள்விக்குறி போச்சு."

"அதுக்காகவா ஒரு மனுஷனை வேண்டாம்பாங்க?" என்றாள் ஷைபி. பிறகு, அவளும் எட்டு வருடம் மலையாளி மேட்ரன்களிடம் வேலை பார்த்தவள் என்பதால், "பாஸைப் பத்தி என்ன எழுதினே?" என்று கேட்டாள்.

ஐரினிடம் போனைக் கொடு என்றான் அவன்.

இரண்டு நாள் கழித்து ராய் மறுபடி வந்தார். இந்தத் தடவை எல்லோரும் இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். நீள மேஜையின் தலைமாட்டில் உதயபானு சார், ஒரு பக்கம் ஜின்டோவும் ஷமீமாவும், கதவுக்கு அருகில், எதற்கும் வசதியாக, சுதீஷ்.

"கோடிங் கிடைச்சிடுச்சு," என்றார் ராய். "கோடிங் சுமார்தான். தப்பா நினைக்காதீங்க. ஆனா கமென்ட் இருக்கே, அது பொக்கிஷம். நீங்க அனுப்பின கனத்த விளக்கப் புத்தகத்துல ஒரு எழவும் இல்ல. எல்லாம் கமென்ட்லதான் இருக்கு. யாரு எழுதினதுன்னு பார்த்தேன். ஆறு வருஷம், ஒவ்வொரு வரிக்கும் ஒரே பேர்தான். உதயபானு."

உதயபானு சார் தலையைச் சற்றே தாழ்த்தினார். கமென்ட்டுகளில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. புகழை வாங்கிக்கொள்வதற்குப் படித்திருக்கவேண்டிய அவசியமும் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

"ஏதோ, தோணினதை எழுதினேன்," என்றார்.

"இத எழுதின ஆளுதான் எனக்கு இங்க வேணும். ஒரு வருஷம். வேற யாரும் வேண்டாம். நீங்கதானே எழுதினது? நீங்களே வரணும்."

"நான்தான் எழுதினேன்," என்றார் உதயபானு சார்.

ஜின்டோ வாயைத் திறந்தான். நான் எழுதினேன் என்றால் போகலாம். ஆனால் கையெழுத்துப் போடவேண்டியவரை எருமை என்று எழுதியவனும் நான்தான் என்றாகும். பேசாமலிருந்தால் எருமை விமானம் ஏறிவிடும். மேஜைக்கடியில் ஷமீமா அவன் காலை மிதித்தாள். எந்தப் பக்கத்துக்காக மிதிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது.

"ஒண்ணு வாசிக்கறேன் கேளுங்க," என்று ராய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "'ஞாயித்துக்கிழமை டூட்டிக்கு ஒண்ணரைப் பங்கு கணக்குப் போடணும்னு எருமை சொன்னது. ஏன்னு கேட்டேன். அதுக்குத் தெரியல. டப்ளின்ல ஒரு சேச்சிக்குப் போன் பண்ணிக் கேட்டதுல, எல்லா ஞாயிறும் இல்ல, பண்டிகை லீவு ஞாயித்துக்கிழமைல விழுந்தா மட்டும்தானாம். அப்படியே எழுதிட்டேன். எருமைகிட்ட சொல்லல, பாவம் சந்தோஷமா இருக்கட்டும்.' இந்த ஒரு கமென்ட் இல்லன்னா இங்க பாதி இல்லத்துல சம்பளம் தப்பாப் போயிருக்கும். அருமை! ஒரே ஒரு சந்தேகம் சாரே. யாரு இந்த எருமை?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் அத்தனை பேரும் காட்டிய ஒற்றுமையே உதயபானு சாருக்கு முதல் தகவலாகப் போய்ச் சேர்ந்தது.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் ராய். "'எருமை ஹைதராபாத்துக்குச் சுத்தமான நிரல் பத்திப் பேசப் போயிருக்கு…'"

ஹைதராபாத்துக்கு அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர்தான் போயிருந்தார். அங்கே போர்த்திய பொன்னாடை சட்டம் போட்டு அவர் தலைக்குப் பின்னால், கேமராவில் தெரிகிற இடத்தில் மாட்டியிருந்தது.

உதயபானு சார் யோசித்தார். இதை நான் எழுதவில்லை என்று சொல்லலாம். சொன்னால், அப்படியானால் எதைத்தான் எழுதினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். ஆறு வருடத்து ஒவ்வொரு வரியிலும் இருக்கிற பெயர் ஒரே நொடியில் ரப்பர் முத்திரையாகிவிடும். எழுதினேன் என்று சொல்லியாயிற்று. அப்படியானால் எருமை யார்? வேறு ஒருவரைக் காட்டலாம் என்றால் பொன்னாடை பின்னால் தொங்குகிறது.

"எருமைன்னா…" என்றார். தண்ணீர் குடித்தார். "எருமைன்னா நான்தான். என்னை நானே அப்படித்தான் கூப்பிட்டுக்குவேன். மனுஷனுக்கு ஒரு அடக்கம் வேணும் இல்லையா?"

சுதீஷ் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அங்கே எதையோ செய்துவிட்டு, சிவந்த முகத்தோடு திரும்பி வந்தான்.

"பாலாலேருந்து டப்ளின் வரைக்கும் எத்தனையோ பாஸைப் பார்த்திருக்கேன்," என்றார் ராய். "தன்னை எருமைன்னு எழுதி, ஆறு வருஷம் வெளியில சொல்லாம இருந்த மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன். கட்டாயம் வரணும். மேனேஜர் வேலையெல்லாம் இல்ல. எனக்குப் பக்கத்து நாற்காலி. காலைல உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் கோடிங் எழுதுவோம்."

எருமை என்று கேட்டபோது மாறாத உதயபானு சாரின் நிறம் இப்போது மாறியது.

"உதாரணத்துக்கு," என்று ராய் தொடர்ந்தார், "இந்த லீவு கணக்குல ஒரு சுத்து வருது. அதுக்குப் பக்கத்துல, 'கூத்தாட்டுகுளம் பஸ் மாதிரி, எந்த ஸ்டாப்லயும் நிக்காது, கையைக் காட்டிப் பிரயோஜனம் இல்ல'ன்னு எழுதியிருக்கீங்க. எந்த இடத்துல நிக்காமப் போகுது?"

"ஜின்டோ," என்றார் உதயபானு சார், மிகவும் மென்மையாக. "நீ சொல்லேன்."

ஜின்டோ சொன்னான். பிரசவ லீவில் இருக்கிற நர்ஸுக்கு அடுத்த பிரசவ லீவு வந்தால் கணக்கு தன்னைத்தானே சுற்றும் என்றும், அதை நிறுத்த எந்த எண் எங்கே இருக்கிறது என்றும், அதை ஏன் யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னான். ராய் எழுதிக்கொண்டார்.

"ஜின்டோ எந்த ஊரு?"

"கூத்தாட்டுகுளம்."

"சார் எந்த ஊரு?"

"திருச்சூர்," என்றார் உதயபானு சார்.

"ம்," என்றார் ராய் குருவிளா. கட்டன்சாயாவை ஒரு வாய் குடித்தார். தாடிக்குள் என்ன நடந்தது என்று கேமராவில் தெரியவில்லை.

உதயபானு சார் எழுந்து நின்றார். முக்கியமானவற்றை அவர் நின்றுகொண்டுதான் சொல்வார். "ராய், எனக்கு வரணும்னு ஆசைதான். ஆனா இங்க இத்தனை பேர் என்னை நம்பி இருக்காங்க. சிற்பி போயிட்டா கல்லு என்ன ஆகும்? அதனால ஒரு தியாகம் பண்ணறேன். எனக்குப் பதிலா ஜின்டோ வருவான். என் மனசுல என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியும்."

"தெரியும்னுதான் நினைக்கறேன்," என்றார் ராய்.

திரை அணைந்ததும் உதயபானு சார் மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு ஜின்டோவை உட்காரச் சொன்னார். தன் கம்ப்யூட்டரில் கிடங்கைத் திறந்து, 'எருமை' என்று தானே தட்டித் தேடினார். பக்கம் பக்கமாக ஓடியது. வெகுநேரம் படித்தார். ஓர் இடத்தில் அவர் உதடு லேசாக அசைந்தது.

"இதெல்லாம் என் பேர்ல இருக்கு," என்றார்.

"ஆமா சார். வழக்கப்படி."

"வெளியில யாருக்கும் தெரியாது."

"தெரியாது சார்."

இன்னும் ஒரு பக்கம் படித்தார். பேப்பரை இழுத்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?"

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்றான் ஜின்டோ.

வெளியே வந்து, கார் நிறுத்துகிற இடத்தில் நின்று ஷைபியைக் கூப்பிட்டான். அவள் டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மழைச் சத்தம்.

"கையெழுத்துப் போட்டாச்சு."

"சத்தியமா?" என்றாள்.

"சத்தியமா. அடுத்த மாசம்."

"ஐரின்கிட்ட இப்ப சொல்லமாட்டேன். வந்து இறங்கினதுக்கப்புறம் நம்பட்டும்." மூக்கை உறிஞ்சினாள், மழையாகவும் இருக்கலாம். "அது சரி, சர்ச்ல கேட்டா என்ன வேலைன்னு சொல்றது?"

ஜின்டோ யோசித்தான்.

"எங்க சார் எழுதினதுக்கெல்லாம் விளக்கம் சொல்ற வேலை."

"அதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"ஓரளவுக்கு," என்றான்.